மூட்டை குறைந்தால் பயணம் இனிது

ரெயிலேறி ஊர் செல்கையில் நம் மூட்டைகளைச் சுமக்கப் போர்ட்டர் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடிய எல்லையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் கொண்ட 'பவுண்டரி வாட்டர்ஸ்' வனத்திலோ தோளே துணை. கனூ என்னும் இலேசான துடுப்புப் படகில் 'ஸ்மால்மவுத் பாஸ்' மீன் பிடிக்கச் செல்வோர், ஏரிக்கு ஏரி படகையும் மூட்டையையும் தாமே சுமத்தல் வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டை முன்பதிவு செய்தல் நலம். குழுவுக்கு 9 பேர், 4 படகுகளே வரம்பு. தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் ஆகா.

எதைக் குறைப்பினும் உயிர்காப்புச் சட்டையைக் குறைத்தல் ஆகாது. வசந்த காலக் குளிர்நீர் நீந்த வல்லாரையும் செயலிழக்கச் செய்யும். வசந்தம் முடியும் வேளையில் ஆண் மீனே முட்டைகளைக் காத்து நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் பிற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஆதலின் அங்கே தூண்டில் வீசாது விடுதலே நன்று.