வழக்கு நடக்கும் முன்பே தீர்ப்பு: தில்லி நீதிமன்றங்களின் இடைக்கால உத்தரவுகள்

புதுதில்லி: தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 அக்டோபர் 9-ம் தேதி பிறப்பித்த உத்தரவின் விளைவாக, குப்பி ஒன்றுக்குச் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்ட மருந்து, 15,900 ரூபாய்க்குக் கிடைக்க வழி பிறந்தது. எஸ்.எம்.ஏ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் முதுகெலும்புத் தசை நலிவு நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் ரிஸ்டிப்ளாம் என்பதே அம் மருந்து. காப்புரிமை தன்னுடையது என்று சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனமும், அக் காப்புரிமையே செல்லத்தக்கதன்று என்று ஹைதராபாதின் நாட்கோ நிறுவனமும் வழக்காடின.

20 கிலோவுக்கு மேல் எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் தேவை. 60 மில்லிகிராம் குப்பி 12 நாள்களில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 30 குப்பிகள் என்று கொண்டால், பழைய விலையில் செலவு ரூ. 1.8 கோடி, புதிய விலையில் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் 2021-ம் ஆண்டுக் கொள்கைப்படி நோயாளி ஒருவருக்குக் கிடைக்கும் உச்சவரம்பு உதவி 50 லட்சம் ரூபாய்தான். அத் தொகை பழைய விலையில் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்கே போதும்.

ஆனால், காப்புரிமை செல்லுமா, செல்லாதா என்று எந்த நீதிபதியும் இவ் வழக்கில் இறுதித் தீர்ப்புக் கூறவில்லை. சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை, குறுக்கு விசாரணை நடைபெறவில்லை. வழக்கு முடியும் வரை நாட்கோவைத் தடுத்து நிறுத்த வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு 2025 மார்ச்சில் தனி நீதிபதி மினி புஷ்கர்ணா "வேண்டியதில்லை" என்று விடையளித்தார். ரோஷ் நிறுவனமே முன்பு பெற்ற காப்புரிமையில் விவரித்த ஒரு சேர்மத்தில், ஓரிடத்தில் மட்டும் நைட்ரஜனை மாற்றி அமைத்ததே இம் மருந்து என்ற நாட்கோவின் வாதம், காப்புரிமையின் மீது நம்பத்தகுந்த ஐயத்தை எழுப்புவதாக அவர் கருதினார். உயிர் காக்கும் மருந்தின் விலையையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இரு நீதிபதிகள் அமர்வும் அதை ஏற்றது. 2025 அக்டோபர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

ஓர் இடைக்கால மனு, தனி நீதிபதி தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை ஏறி இறங்கிவிட்டது. அசல் வழக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. தில்லியின் உரிமையியல் வழக்குகளைக் கவனித்து வருவோருக்கு இது புதிதன்று. இங்கே பெரிய வழக்குகள் பலவற்றின் தலைவிதி இடைக்கால மனுவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, எஞ்சியவை வாய்தாக்கள்.

*மாத்திரைக்கு எட்டு ஆண்டு வழக்கு*

இதே ரோஷ் நிறுவனம் 2008-ல் சிப்லா மீது தொடுத்த வழக்கு இதற்கு முன்னோடி. எர்லோடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரையை ரோஷ் 4,800 ரூபாய்க்கு விற்றது. சிப்லா 1,600 ரூபாய்க்குத் தர முன்வந்தது. நாள்தோறும் ஒன்று உட்கொள்ள வேண்டிய மாத்திரை அது. 2008 மார்ச் 19-ம் தேதி நீதிபதி எஸ். ரவீந்திர பட், பொதுநலனை ஒரு காரணமாகக் காட்டித் தடை விதிக்க மறுத்தார். தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, நீதிபதி எஸ். முரளிதர் ஆகியோர் அடங்கிய அமர்வு 2009 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. ஷா அதற்கு முன்பு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

பிறகு முழு விசாரணையும் நடந்தது. 2012-ல் தனி நீதிபதி, காப்புரிமை செல்லும், ஆனால் சிப்லா அதை மீறவில்லை என்றார். 2015 நவம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, சிப்லா மீறியது உண்மையே என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2016 மார்ச்சில் காப்புரிமைக் காலமே முடியவிருந்ததால், இனித் தடை விதிப்பதில் பொருளில்லை என்று கூறி, விற்பனைக் கணக்கை ஒப்படைக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது.

ஆக, இறுதித் தீர்ப்பில் வென்றவர் ரோஷ். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் குறைந்த விலை மாத்திரையை உட்கொண்டவர்கள் நோயாளிகள். 2008-ல் அந்த ஒரு நாளில் தடை விதிக்கப்பட்டிருந்தால், சிப்லாவே கடைசியில் வென்றிருந்தாலும்கூட நோயாளிகளுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தந்திருக்க எவராலும் இயலாது. பணத்தை வட்டியுடன் மீட்கலாம் என்பதை நீதிபதிகள் அறிவார்கள். எதை மீட்க முடியாது என்பதைக் கண்டுகொள்வதில்தான் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள்.

*ஜெராக்ஸ் கடை வழக்கு*

தில்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள நூல்களிலிருந்து குறிப்பிட்ட பகுதிகளை நகலெடுத்து, ஒரே கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்றதே கடைக்காரர் செய்த குற்றம் என்றார்கள். பல்கலைக்கழகமும் பிரதிவாதி. 2012 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. கட்டுகள் மறைந்தன.

அப் பள்ளியில் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்த அமர்த்திய சென் உள்ளிட்டோர், வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டனர். மாணவர் அமைப்பு ஒன்று தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டு வாதாடியது. 2016 செப்டம்பர் 16-ம் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கையே தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது தெய்வம் தந்ததோ, இயற்கையாய் வந்ததோ அன்று. சட்டம் வகுத்துக் கொடுத்தது. கல்வி கற்பிக்கும்போது நகலெடுப்பதற்கு அதே சட்டம் விலக்கும் அளித்துள்ளது என்பது அவர் தீர்ப்பின் சாரம். தம் சட்டக் கல்லூரி நாள்களில் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதையும் அவர் அதில் நினைவுகூர்ந்தார். கையால் எழுதினால் குற்றமில்லை, இயந்திரம் எழுதினால் குற்றமா?

மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் சில கேள்விகள் மறு விசாரணைக்கு அனுப்பப்பட்டன. ஆயினும் தடையை மீண்டும் விதிக்க அமர்வு மறுத்துவிட்டது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. தடை கிடைக்காது என்றானபின் அவ் வழக்கை நடத்துவதில் அவர்களுக்கு நாட்டமில்லை போலும். 2012-ல் பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவர் ஒருவர், கட்டு ஏதும் வாங்காமலே மூன்றாண்டுப் படிப்பை முடித்து வெளியேறியிருப்பார்.

*யார் வருகிறார்கள்?*

மாவட்ட நீதிமன்றங்களில் தொடங்க வேண்டிய உரிமையியல் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரம் நாட்டில் சில உயர் நீதிமன்றங்களுக்கே உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தாவைப் போலவே தில்லிக்கும் அது 1966-ம் ஆண்டுச் சட்டப்படி கிடைத்தது. 20 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு 2015-ல் 2 கோடியாக உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த மதிப்புள்ளவை சாகேத், ரோகிணி, தீஸ் ஹஜாரி போன்ற மாவட்ட நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. வழக்கின் மதிப்பைக் கணக்கிடுபவர் வாதி. எனவே எந்த நீதிமன்றம் என்பதும் ஓரளவு அவர் கையிலேயே உள்ளது.

அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003 முதல் இயங்கி வந்தது. 2021 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அதைக் கலைத்தது. அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே தில்லி உயர் நீதிமன்றம் இதற்கெனத் தனிப் பிரிவை அமைத்துக்கொண்டது. சென்னை 2023-ல்தான் அமைத்தது.

பிரதிவாதி யாரென்றே தெரியாத வழக்குகளும் உண்டு. அவருக்கு "அசோக் குமார்" என்று பெயர் சூட்டிவிடுவது வழக்கம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பிய கேபிள்காரர்களுக்கு எதிராகத் தில்லியில் தொடங்கிய முறை இது. தம் பெயரும் குரலும் உருவமும் தம் அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க அமிதாப் பச்சன் 2022-லும், அனில் கபூர் 2023-லும் இங்கே தடை பெற்றனர். இதே உரிமையை ரஜினிகாந்த் 2015-லேயே சென்னையில் நிலைநாட்டியது தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

தமிழ்த் திரையிசையும் தில்லிக்கு வந்தது. "பொன்னியின் செல்வன்" இரண்டாம் பாகத்தின் "வீரா ராஜ வீரா" பாடல், டாகர் சகோதரர்களின் சிவஸ்துதியைத் தழுவியது என்று அக் குடும்பத்தின் இசைக்கலைஞர் தொடுத்த வழக்கில், 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்துமாறும் டாகர் சகோதரர்களின் பெயரைக் குறிப்பிடுமாறும் 2025 ஏப்ரலில் தனி நீதிபதி பிரதிபா சிங் உத்தரவிட்டார். ஒரு பாடலைப் பாடியவர்தான் இயற்றியவர் என்று கொள்ள முடியாது எனக் கூறி, அவ்வாண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. இதுவும் இடைக்கால உத்தரவே.

*செய்திக்குத் தடை*

போலி மருந்தையோ, திருட்டுத்தனமான ஒளிபரப்பையோ உடனே தடுக்க நீதிமன்றத்துக்கு ஓர் ஆயுதம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 39-வது கட்டளை அதற்கான அதிகாரத்தைத் தருகிறது. வழக்கில் முகாந்திரம் உண்டா, தடையால் யாருக்கு இன்னல் அதிகம், ஈடுசெய்ய இயலாத இழப்பு நேருமா ஆகிய மூன்றையும் நீதிபதி சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கேளாமல் தடை விதித்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 30 நாள்களுக்குள் அம் மனுவை முடிக்க முயல வேண்டும். ஏட்டில் காவல் பலமாகவே உள்ளது.

ஜீ நிறுவனத்தின் கணக்குகளைப் பற்றி புளூம்பெர்க் 2024 பிப்ரவரி 21-ம் தேதி ஒரு கட்டுரையை வெளியிட்டது. மார்ச் 1-ம் தேதி சாகேத் நீதிமன்றக் கூடுதல் மாவட்ட நீதிபதி, புளூம்பெர்க் தரப்பைக் கேளாமலே அதை நீக்க உத்தரவிட்டார். மார்ச் 14-ம் தேதி உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. மார்ச் 22-ம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. மூன்று சோதனைகளின் பெயரைச் சொன்னால் போதாது, வழக்கின் விவரங்களோடு பொருத்திக் காட்ட வேண்டும் என்றது அமர்வு. விசாரணை தொடங்கும் முன் விதிக்கப்படும் தடை, அக் கட்டுரைக்கு மரண தண்டனையாகிவிடக் கூடும் என்ற பொருள்படவும் சொன்னது.

தில்லியின் கீழ் நீதிமன்றங்கள் அனைத்துக்கும் இது எட்டியதாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 6-ம் தேதி, ரோகிணி நீதிமன்ற முதுநிலை உரிமையியல் நீதிபதி ஒருவர், அதானி எண்டர்பிரைசஸ் நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில் செய்தியாளர்கள் சிலரையும் சில இணையதளங்களையும் கட்டுப்படுத்தும் ஒருதலை உத்தரவைப் பிறப்பித்தார். பெயர் தெரியாத "அசோக் குமார்"களும் அதில் அடக்கம். நிறுவனத்துக்கு எதிரான சரிபார்க்கப்படாத, அவதூறான பதிவுகளை ஐந்து நாள்களில் நீக்க வேண்டும் என்றது உத்தரவு. செப்டம்பர் 16-ம் தேதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதைச் சுட்டிக்காட்டி, 138 யூடியூப் விடியோக்களையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் நீக்குமாறு நோட்டீஸ் அனுப்பியது. வழக்கில் பிரதிவாதியாகவே சேர்க்கப்படாதவர்களுக்கும் அந் நோட்டீஸ் சென்றது. இரு தனியார் தரப்பினருக்கு இடையிலான உரிமையியல் வழக்கில் கிடைத்த ஒரு காகிதம், பத்தே நாளில் அரசாங்கத்தின் கையில் தணிக்கை உத்தரவாகிவிட்டது.

நான்கு செய்தியாளர்கள் செய்த மேல்முறையீட்டை விசாரித்த மாவட்ட நீதிபதி ஆஷிஷ் அகர்வால், செப்டம்பர் 18-ம் தேதி அவர்களைப் பொறுத்தவரை உத்தரவை ரத்து செய்தார். நெடுநாள்களாகப் பொதுவெளியில் இருந்த கட்டுரைகள் இவை. எழுதியவர்களை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்றார். பின்னாளில் இவை அவதூறு அல்ல என்று விசாரணையில் தெரியவந்தால், நீக்கியவற்றை மீட்டெடுப்பது எளிதாக இராது என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

அதே நாளில், அதே உத்தரவை எதிர்த்துச் செய்தியாளர் பரஞ்சோய் குஹா தாகுர்த்தா செய்த மேல்முறையீடு வேறொரு மாவட்ட நீதிபதி முன் விசாரணைக்கு வந்தது. வாதங்களைக் கேட்ட அவர், தீர்ப்பை ஒத்திவைத்தார்.