புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த வண்ணம்

2013ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு டி.வி.டி. தொகுப்பு வெளிவந்தது. பி.பி.சி. நிறுவனத்தின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1971இல் ஒளிபரப்பான ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ என்னும் ஆறு பகுதிக் கதை அதில் இருந்தது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட கதைதான். ஆனால் பல ஆண்டுகளாக அதன் கறுப்பு-வெள்ளைப் பிரதிதான் முழுமையாக எஞ்சியிருந்தது. இந்தத் தகடுகளிலோ ஆறு பகுதிகளும் வண்ணத்தில் இருந்தன!

இதில் ஒரு புதிர் உண்டு. இரண்டாம் பகுதி முதல் ஆறாம் பகுதி வரை உள்ள வண்ணம், கறுப்பு-வெள்ளைப் படச்சுருளுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டது. முதல் பகுதிக்கு மட்டும் அது முடியவில்லை. கையால் வண்ணம் தீட்டினார்கள். ஆறும் ஒரே கதை, ஒரே வகைப் படச்சுருள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? கறுப்பு-வெள்ளைப் படத்துக்குள் வண்ணம் எப்படி இருக்க முடியும்? மாணவர்களே, அலைகளைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்ததே இதற்கு விடை சொல்லப் போதுமானது.

முதலில் இந்தத் தொடரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1963 நவம்பர் 23இல் தொடங்கி 1989 வரை நடந்த விஞ்ஞானக் கற்பனைத் தொடர் இது (2005இல் மீண்டும் தொடங்கியது). அந்நாளில் நிகழ்ச்சிகளை இரண்டு அங்குல அகலக் காந்த நாடாவில் பதிவு செய்தார்கள். நாடாவின் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அதை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கம். பள்ளிக்கூடக் கரும்பலகையைப் போலத்தான்! 1970களின் பிற்பகுதி வரை இப்படி அழிப்பது நடந்தது. ஆயினும் வெளிநாடுகளுக்கு விற்பதற்காகப் பல பகுதிகளை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் கறுப்பு-வெள்ளையில் பிரதி எடுத்திருந்தார்கள். அந்தப் பிரதிகள்தாம் தப்பிப் பிழைத்தவை. 2013இல்கூட நைஜீரியாவின் ஜாஸ் நகரிலிருந்து, அதுவரை கைவசம் இல்லாத ஒன்பது பகுதிகள் கிடைத்தன. அதற்குப் பிறகும் 97 பகுதிகள் காணாமற்போனவையாகவே இருந்தன.

இந்நிலையில், ஒவ்வொரு டி.வி.டி. வெளிவரும்போதும் ரசிகர்கள் அதைப் பரிசோதனைச் சாலையில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்ததில் வியப்பில்லை. அவர்களுள் சிலர் ஒளிபரப்புப் பொறியாளர்களாகவே இருந்தார்கள். ஸ்டீவ் ராபர்ட்ஸ் போன்ற பொறியாளர்களும் மற்ற ரசிகர்களும் 1990களின் தொடக்கத்தில் சேர்ந்து அமைத்த ‘மறுசீரமைப்புக் குழு’தான் இந்த டி.வி.டி.களுள் பெரும்பாலானவற்றுக்குப் படத்தைச் செப்பனிட்டது. குறை சொல்கிறவரே வேலையையும் செய்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

படம் அசைவது எப்படி?

ரசிகர்கள் முதலில் பார்ப்பது அசைவை. பழைய ஐரோப்பியத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 படங்கள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. முதலில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை வரிகள், பிறகு 2, 4, 6 என்ற இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாக அனுப்புவார்கள். இரண்டாம் பாதி ஐம்பதில் ஒரு பங்கு விநாடி கழித்து எடுக்கப்பட்டது. எனவே விநாடிக்கு 50 கணங்களைக் கண் பார்க்கிறது. கலையரங்கில் எடுத்த நிகழ்ச்சிகளின் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருப்பது இதனால்தான்.

படச்சுருளில் பிரதி எடுத்தபோது, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே சினிமா காமிராவை வைத்துப் படம் பிடித்தார்கள். அது விநாடிக்கு 25 முறைதான் பிடிக்கும். இரண்டு பாதிகளும் ஒரே சட்டத்தில் விழுந்துவிடும். 50 கணங்கள் 25 ஆகிவிட்டன. உயிரோட்டமாக இருந்த நாடகம் பழைய சினிமாவைப்போல் தோன்றத் தொடங்கியது.

பீட்டர் ஃபிங்கிள்ஸ்டோன் என்பவர் உருவாக்கிய ‘விட்ஃபயர்’ என்னும் கணினி முறை இந்த இழப்பை ஈடுசெய்கிறது. அடுத்தடுத்த இரண்டு சட்டங்களைக் கணினி ஒப்பிடுகிறது. ஒரு கை முதல் சட்டத்தில் இங்கே இருக்கிறது, அடுத்ததில் அங்கே இருக்கிறது என்றால், நடுவே எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டு இடைப்படம் ஒன்றைச் செய்கிறது. 2002இல் வெளிவந்த ‘தி ஆஸ்டெக்ஸ்’ டி.வி.டி.யில் இம்முறையைப் பயன்படுத்தினார்கள்.

உடனே ஒரு சர்ச்சை. பாதிப் படங்கள் காமிரா பார்த்தவை அல்ல, கணக்குப் போட்டுச் செய்தவை. அதை அசல் என்பது நியாயமா? நான் என் வகுப்பில் இரண்டு விதத்தையும் போட்டுக் காட்டியபோது, பாதிப்பேர் “சார், பழையபடி இருந்ததே நன்றாக இருந்தது” என்றார்கள்! என் கருத்து வேறு. 1964இல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் கண்டது விநாடிக்கு 50 கணங்கள். எண்ணிக்கை நமக்கு ஐயமின்றித் தெரியும்போது அதைத் திரும்பக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. வெளிப்புறக் காட்சிகளைத் தொடக்கத்திலேயே படச்சுருளில்தான் எடுத்தார்கள். அவை பிறக்கும்போதே விநாடிக்கு 25. அவற்றைத் தொடக்கூடாது. நல்ல டி.வி.டி.யில் அறைக்குள் நடப்பவர் வழுவழுவென்று நடப்பார், வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் சினிமா மாதிரி நடப்பார். அது குறையன்று, அசலே அப்படித்தான்.

சில பிரதிகளை எடுத்தபோது இரண்டு பாதிகளுள் ஒன்றைத் தவிர்த்துவிட்டு மற்றதை மட்டும் பதிவு செய்தார்கள். அவற்றில் பாதி வரிகள் இல்லவே இல்லை. எந்தக் கணினியாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

புள்ளிகளின் கதை

இனி நம் புதிருக்கு வருவோம். சில பிரதிகளை உற்றுப் பார்த்தால் படமெங்கும் மிக நுண்ணிய புள்ளிகள் தெரியும். முகத்தின் மேல், சட்டையின் மேல், திரைச்சீலையின் மேல் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தியதுபோல் இருக்கும். நெடுங்காலம் இவற்றை வெறும் இரைச்சல் என்றே எண்ணினார்கள். அந்தப் புள்ளிகள்தாம் வண்ணம்!

வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, கறுப்பு-வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களை நட்டாற்றில் விட முடியவில்லை. எனவே பழைய ஒளிர்வுக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் வண்ணத்துக்கென்று ஓர் அலையை ஏற்றினார்கள். இங்கிலாந்து பின்பற்றிய முறைக்குப் ‘பால்’ என்று பெயர். குடிக்கும் பால் அன்று, ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். நம் தூர்தர்ஷன் 1982இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் இம்முறையையே. அந்த வண்ண அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ். அலையின் வீச்சு, வண்ணம் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும். அலையின் கட்டம், அது சிவப்பா, பச்சையா, நீலமா என்பதைச் சொல்லும். கறுப்பு-வெள்ளைப் பெட்டிக்கு இந்த மொழி புரியாது. அது அலையின் முகட்டை வெளிச்சமாகவும் அகட்டை இருளாகவும் காட்டும். அதனால் வருபவையே புள்ளிகள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு வரி வரைய எடுக்கும் நேரம் 64 மைக்ரோ விநாடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ விநாடி. 52 × 4.43 என்றால் ஒரு வரியில் சுமார் 230 அலைகள். 16 மில்லிமீட்டர் படச்சுருளில் படத்தின் அகலம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் ஓர் அலையின் இடம் 0.045 மில்லிமீட்டர். தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு! அத்தனை நுண்ணிய புள்ளிகள் 40 ஆண்டுகள் படச்சுருளில் அழியாமல் கிடந்தன.

பி.பி.சி.யைச் சேர்ந்த ஜேம்ஸ் இன்ஸெல் இந்தப் புள்ளிகளிலிருந்து வண்ணத்தை மீட்கலாம் என்று முன்வந்து சிலரைத் திரட்டினார். அங்கே பொறியாளராக இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் அதற்கான கணினி நிரலை எழுதினார். இம்முறையில் வண்ணம் பெற்று முதலில் ஒளிபரப்பானது ‘டாக்டர் ஹூ’ அன்று. ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி, 2008 டிசம்பரில்.

சொல்வதற்கு எளிது. செய்வதிலுள்ள சங்கடத்தைப் பாருங்கள். கட்டம் என்பது எதனோடாவது ஒப்பிட்டு அளக்க வேண்டியது. கடிகாரத்தின் முள் ‘மூன்று’ என்று காட்டுகிறது என்றால், பன்னிரண்டு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒளிபரப்பில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இதற்காக ஓர் ஒப்பீட்டு அலையை அனுப்புவார்கள். ஆனால் அது படத்துக்கு வெளியே இருப்பது. சினிமா காமிரா படத்தை மட்டும் பிடித்தது, ஒப்பீட்டு அலையை விட்டுவிட்டது. போதாக்குறைக்கு அன்றைய திரை வளைந்தது, படச்சுருளோ காலப்போக்கில் சுருங்கியது. கட்டத்தில் 90 பாகை பிழை ஏற்பட, புள்ளி 0.011 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். முகத்தின் நிறமே மாறிப்போகும்.

இங்கே ‘பால்’ முறையின் ஒரு தந்திரம் கைகொடுத்தது. வண்ண அலையின் இரு கூறுகளுள் ஒன்றை அது ஒரு வரி விட்டு ஒரு வரி தலைகீழாக்கி அனுப்புகிறது. வழியில் நேரும் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளட்டும் என்பதற்காக 1960களில் ஜெர்மனியின் வால்டர் புரூக் செய்த ஏற்பாடு அது. அடுத்தடுத்த வரிகளை ஒப்பிட்டால் அச்சுகள் எத்திசையில் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் எது மேல், எது கீழ் என்ற ஐயம் எஞ்சும். ஒரே இடத்துக்கு நான்கு விடைகள் வரும். அவற்றுள் மனித முகம் பச்சையாகத் தெரியாத விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்!

இவ்வாறு கிடைக்கும் வண்ணம் சற்று மங்கலாகவே இருக்கும். அதனால் பெரிய கேடு இல்லை. நம் கண் ஒளிர்வில் உள்ள நுணுக்கத்தைக் கூர்மையாகப் பார்க்கும், வண்ணத்தின் நுணுக்கத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாது. கூர்மையான கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேல் மங்கிய வண்ணத்தைப் படரவிட்டால் முழுப் படமும் கூர்மையாகவே தோன்றும். 1992இல் ‘தி டீமன்ஸ்’ கதையைச் செப்பனிட்டபோது இதே உண்மையைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் ஒருவர் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த நாடாவிலிருந்து வண்ணத்தையும், படச்சுருளிலிருந்து கூர்மையையும் எடுத்துச் சேர்த்தார்கள்.

சரி, ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ முதல் பகுதிக்கு என்ன நேர்ந்தது? படச்சுருளில் பிரதி எடுக்கும்போது வண்ண அலையை வடிகட்டிவிட வேண்டும் என்பதே முறை. புள்ளிகள் இல்லாத தெளிவான படம் கிடைப்பதற்காகத்தான். பல பிரதிகளில் வடிகட்டி இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. முதல் பகுதியிலோ புள்ளிகள் இல்லை, படம் சுத்தமாக இருந்தது. ஆகவே மீட்க எதுவும் மிஞ்சவில்லை. ஸ்டுவர்ட் ஹம்ஃப்ரீஸ் என்னும் ரசிகர் ஆயிரக்கணக்கான சட்டங்களுக்குத் தம் கையால் வண்ணம் கொடுத்தார். மற்றச் சட்டங்களுக்கு அதைக் கணினி பரப்பியது.

துடைப்பத்தின் ஆபத்து

சுத்தம் செய்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. படச்சுருளில் ஒட்டிய தூசி ஒரே ஒரு சட்டத்தில்தான் தெரியும், முந்தைய சட்டத்திலும் அடுத்ததிலும் இராது. ‘ஒரு சட்டத்தில் மட்டும் வருவதை நீக்கு’ என்று கணினிக்குக் கட்டளையிட்டால் தூசி போய்விடும். கூடவே மழைத்துளியும், தீப்பொறியும், வேகமாகப் பறக்கும் பந்தும் போய்விடும்! அவையும் ஓரிடத்தில் ஒரு சட்டந்தான் இருக்கின்றன. படத்தின் குருணையை அளவுக்கு மீறித் தேய்த்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகளைப்போல் ஆகிவிடும். பழைய தொடர்களின் டி.வி.டி.களைப் பற்றிய புகார்களில் இது அடிக்கடி வருவது. பார்த்தவுடன் பளிச்சென்று இருக்கும் தகடே நல்ல தகடு என்று நினைத்துவிடாதீர்கள்.

தகட்டின் கொள்ளளவும் கணக்கில் சேரும். டி.வி.டி.யில் ஒரு படத்துக்கு 720 × 576 படப்புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் விநாடிக்குச் சுமார் 12 கோடியே 44 லட்சம் பிட்டுகள் வேண்டும். டி.வி.டி. அனுமதிக்கும் உச்ச அளவோ விநாடிக்கு 98 லட்சம். அந்த உச்சத்திலேயே ஓட்டினால் 470 கோடி பைட்டுகள் கொண்ட ஒற்றை அடுக்குத் தகடு 64 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆறு பகுதிக் கதையோ ஏறத்தாழ 150 நிமிடம். சிக்கனம் பார்த்து அதிகப் பகுதிகளை ஒரே தகட்டில் திணித்தால், மூடுபனிக் காட்சிகளிலும் இருண்ட சுவர்களிலும் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும்.

இங்கிலாந்தில் பழைய முறை ஒளிபரப்பு 2012இல் முடிவுக்கு வந்துவிட்டது. உங்களுள் பலர் குழாய்த் தொலைக்காட்சியைப் பார்த்தே இருக்கமாட்டீர்கள். ஆனாலும் ஒரு சோதனை செய்யலாம். பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் டி.வி.டி. கிடைத்தால் கணினியில் போடுங்கள். யாராவது கையை வேகமாக வீசும் இடத்தில் நிறுத்துங்கள். கையின் விளிம்பு சீப்பின் பற்களைப்போல் வரிவரியாகப் பிரிந்து தெரிந்தால், நீங்கள் பார்ப்பது ஐம்பதில் ஒரு பங்கு விநாடி இடைவெளியுள்ள இரண்டு கணங்களை. ஓட்டும் நிரல் தானாகவே அதை மழுப்பிவிடுவதும் உண்டு. அந்த வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.