ஆராய்ச்சி மணியும் அன்னையின் கழுத்தும்

மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் உண்டோ! வாயிலில் மணி கட்டினான் மன்னன்; கன்றை இழந்த பசு அதை அடித்தது; அரண்மனையிலிருந்து அவனே இறங்கி வந்தான். மாமதுரையில், பாண்டியன் அவையில், கண்ணகி எடுத்துக் காட்டியதும் அந்த மணியைத்தான். மணியின் எடையையா பேசினாள்? வெண்கலத்தின் தரத்தையா பேசினாள்? இல்லை. மணி அடித்ததும் ஓடிவர ஒருவன் இருந்தான், அதைப் பேசினாள்.

அந்த மணி இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறது. முதியோர் கழுத்தில் தொங்கும் ஒரு பொத்தான், அல்லது கையில் கட்டும் கடிகாரம். விழுந்தால் அழுத்தலாம், சில கடிகாரங்கள் விழுந்ததைத் தாமே உணர்ந்து மகனுக்குச் செய்தி அனுப்பும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கும் தோழர், துபாயில் சாரம் ஏறும் தோழர், செல்லூரிலும் உசிலம்பட்டியிலும் தனித்திருக்கும் தாய்க்கு இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம்! ஆனால் வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணினால், அங்கேதான் ஆபத்து.

எலும்பு முறிவதைவிடக் கொடியது ஒன்று உண்டு, தோழர்களே: விழுந்த இடத்திலேயே கிடப்பது. நா வறளும், உடலின் பாரம் தாங்காமல் தசை நைந்து சிறுநீரகம் பழுதாகும், சிமெண்டுத் தரையின் குளிர் நெஞ்சில் ஏறும். 1981-இல் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்த முதியோரில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் மாண்டார்கள்.

அதே நாட்டில், கேம்பிரிட்ஜில், 90 வயது கடந்தவர்களை ஓராண்டு கண்காணித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் திடுக்கிட வைக்கிறது. அழைப்புப் பொத்தான் வைத்திருந்தும், தனியே விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதை அழுத்தவே இல்லை! ஏன்? கழற்றி வைத்துவிட்டார்கள் சிலர். தாமே எழுந்துவிடலாம் என்று முயன்றார்கள் சிலர். பிறருக்கு எதற்குத் தொந்தரவு என்று பேசாமல் கிடந்தார்கள் சிலர்.

சீமையிலேயே இந்தத் தயக்கம் என்றால், நம் வைகைக் கரைத் தாய்மார்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? "பிள்ளை வேலையில் இருப்பான், அவனை எதற்குப் பதற வைக்க வேண்டும்" என்று வலியை விழுங்கிப் பழகியவர்கள். இதே தென் மாவட்டங்களில்தான், முடியாத கிழவருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடிக்கும் தலைக்கூத்தல் என்னும் கொடுமை நடந்தது. 2010-இல் விருதுநகர்ப் பக்கத்துச் செய்திகளாக ஏடுகளில் வந்து நாட்டையே கூசச் செய்தது. தான் ஒரு சுமை என்று நினைக்கும்படி ஆக்கிவிட்டு, அந்தத் தாயின் கழுத்தில் பொத்தானைத் தொங்கவிட்டால், அவள் விரல் அதன்மேல் எப்படிப் போகும்?

கடைக்குப் போகுமுன் நாம் பேச வேண்டியது தாயோடுதான். "அழுத்தினால் கோபிக்க மாட்டேன் அம்மா, அழுத்தாவிட்டால்தான் கோபிப்பேன்" என்று சொல்லுங்கள். வீண் அழைப்பு பத்து வந்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுவதை உணரும் பெரிய கம்பெனிக் கடிகாரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் 1,200 ரூபாய் ஆயிற்று. கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்! அதிலும் பல கடிகாரங்களுக்குத் தினம் மின்னேற்ற வேண்டும். இரவில் கழற்றி மின்னேற்றினால், இருட்டில் கழிப்பறைக்கு எழும் நேரத்தில் கை வெறுங்கை. மெல்லச் சரிந்து விழுந்தால் அது உணராமலும் போகலாம். நீர் புகாத, குளிக்கும்போதும் கழற்றாத எளிய பொத்தான், கடிகாரத்தைவிட நம் வீடுகளுக்கு ஏற்றது.

சாதாரணக் கைப்பேசியிலும் இந்த வசதி இருக்க வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு விதி செய்தது. பொத்தான் கைப்பேசியில் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். 2017 முதல் விற்பனையாகும் கருவிகளுக்கு இது கட்டாயம். உங்கள் தாயின் கைப்பேசியில் அது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா?

1974-இல் அமெரிக்காவில் இத்தொழிலைத் தொடங்கிய ஆண்ட்ரூ டிப்னர், பொத்தானை உள்ளூர் மருத்துவமனைகளோடு இணைத்தார். சிங்கப்பூரில் முதியோர் குடியிருக்கும் வாடகை வீடுகளில் அரசே அழைப்புக் கருவி பொருத்துகிறது. அழுத்தினால் பதில் சொல்ல ஆள் உண்டு. 2008 செப்டம்பரில் கட்டணமின்றி ஓடத் தொடங்கிய 108 ஊர்தி நம்மிடம் இருக்கிறது. உதவித்தொகை பெறும் தனித்த முதியோருக்கு ஒரு பொத்தானும் கொடுத்து 108-உடன் இணைக்க வேண்டும் என்று நாம் ஏன் கேட்கக் கூடாது? பணமுள்ளவன் தாய்க்கு மட்டுமா மணி?

அதுவரை, முதல் அழைப்பு துபாய்க்குப் போவதில் பயனில்லை; பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். இரண்டு பேர் எண்ணாவது அதில் இருக்கட்டும். அவர்களில் ஒருவரிடம் சாவி இருக்கட்டும். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், திரை போதும். 108-இல் சொல்ல வேண்டிய தெரு, அருகிலுள்ள கோயிலோ கடையோ எது என்பதைக் கொட்டை எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ஒரு ஞாயிறு மாலை, தாயை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்.