முதுமையும் தேகப்பயிற்சியும்



சென்ற ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்குச் சென்றிருந்தேன். நம்மவர் வழக்கப்படி பந்திப் பாயில் அமர்ந்து உணவருந்தினோம். உண்டு முடிந்ததும் அருகிலிருந்தோர் எழுந்து கைகழுவச் சென்றனர். என்னால் எழ முடியவில்லை. வலது கையோ உண்ட கை, இடது கையை நிலத்தில் ஊன்றி இருமுறை முயன்றேன், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. பரிமாறிக்கொண்டு நின்ற இளைஞன் ஒருவன், “ஐயா, என்னைப் பிடியுங்கோ” என்று சொல்லித் தூக்கிவிட்டான். அப்பொழுது எனக்கு வயது 63. நிறை 82 கிலோகிராம். நோய் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. எனினும், இன்று பந்தியில் கைகொடுக்க ஒருவன் இருந்தான், நாளை கிணற்றடியில் விழுந்தால் யார் இருப்பார் என்னும் எண்ணம் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை விட்டு நீங்கவில்லை.

யான் வைத்தியனல்லன், இளைப்பாறிய ஆசிரியன். ஆயினும் அன்று தொடங்கி வைத்தியரிடம் கேட்டும், ஆய்வுகளைப் படித்தும், என்னுடலிலே செய்து பார்த்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையதென எண்ணுகின்றேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிருவராக இருந்தனர். ஆதலின் இது என் ஒருவனுடைய கதையன்று.

முதுமையில் நம் உடலுக்கு நேர்வது யாது? நடுவயதிலிருந்தே தசைகள் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றன. அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவு பெறுகின்றது. இத்தசைத்தேய்வுக்கு 1989ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்வதால் தராசு பல வேளைகளில் மாற்றமெதனையும் காட்டுவதில்லை. “இருபது வருடமாக என் நிறை அப்படியே இருக்கிறது” என்று மகிழ்வோர் பலர். நிறை அப்படியே இருக்கலாம். ஆனால் எழுப்பும் பொருள் குறைந்து, எழுப்பப்படும் பொருள் கூடியிருக்கும். பாயிலிருந்து நான் எழ முடியாமற் போனதன் காரணம் இதுவே.

அப்படியாயின் உண்பதைக் குறைத்து நிறையைக் குறைத்துவிட்டாற் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். இரவு உணவை அடியோடு விட்டுவிடவும் முற்பட்டேன். இதற்கு விடையாக அமைந்த ஓர் ஆய்வு 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. 65 வயதைக் கடந்த, உடல் பருத்த 107 பேரைப் பகுத்து, ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், மற்றொரு பிரிவினருக்குப் பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவினருக்கு இரண்டும் என ஓராண்டு நடத்தினர். எதுவுஞ் செய்யாத பிரிவொன்றும் ஒப்பிடுவதற்காக இருந்தது. உணவை மட்டும் குறைத்தோர் தம் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை இழந்தனர். ஆனால் அவ்விழப்பிலே தசையும் கலந்திருந்தது. பயிற்சி மட்டும் செய்தோருக்கு வலிமை கூடியதேயன்றி நிறை குறையவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தோரோ ஏறத்தாழ அதேயளவு நிறையை இழந்தும், தசையை ஓரளவு காத்துக்கொண்டும், நடத்தல், எழுதல், ஏறுதல் ஆகியவற்றில் ஏனையோரை முந்தினர். ஆகவே உணவு நிறையைக் குறைக்கும்; பயிற்சி தசையைக் காக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது.

“இந்த வயதில் இனித் தசை வளருமா?” என்பது அடுத்த ஐயம். 1990ஆம் ஆண்டு, பொஸ்டன் நகரிலுள்ள முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் 90 வயதை அடுத்த பத்துப் பேருக்கு எட்டுக் கிழமைகள் கால்வலுப் பயிற்சி அளித்தனர். பளுவைக் காலால் உயர்த்தித் தாழ்த்துவதே பயிற்சி. அதனை இறுதிவரை செய்தோரின் கால்வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிற்று. தொண்ணூறில் இயன்றது அறுபதில் இயலாதா?

இனி, எல்லோரும் கூறும் தடைக்கு வருவோம். “நேரம் இல்லை” என்பதே அது. இளைப்பாறியவனுக்கு என்ன வேலை என்று இளையோர் எண்ணுவர். உண்மை வேறு. பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசென்று அழைத்து வருவது யார்? மின்கட்டணம் செலுத்த வரிசையில் நிற்பது யார்? வீட்டில் வருத்தமாக இருப்பவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும், கோயிற் பரிபாலன சபையின் கணக்கை எழுதுவதும், மாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பதும் நம்மவர் தலையிலேயே விழுகின்றன. பெண்களின் நிலையோ இதனினும் கடியது. சமையலறைக்கு இளைப்பாறும் வயது என்று ஒன்று இல்லை. ஆகவே, விடிகாலை ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி ஓடுங்கள் என்று அறிவுரை கூறினால் அது காற்றிலே போய்விடும்.

ஆனால் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கத்தான் வேண்டுமா? இவ்விடத்திலே ஒரு பழைய ஆய்வை நினைவுகூர விரும்புகின்றேன். இலண்டன் நகர இரட்டைத்தட்டு பஸ்களிற் பணிபுரிந்தோரைப் பற்றி வைத்தியர் ஜெரி மொறிஸ் என்பார் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. சாரதி நாள் முழுவதும் இருந்தபடியே வண்டியை ஓட்டுவார். நடத்துனரோ சிட்டை கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுவார். ஒரே நிறுவனம், ஒரே வகைக் குடும்பங்கள். எனினும் மாரடைப்பு நடத்துனர்களுக்குக் குறைவாகவே வந்தது. சாரதிகளின் சீருடை இடுப்பளவு பெரிதாயிருந்தது என்பதையும் மொறிஸ் அவர்களே பின்னர் 1956இல் எடுத்துக் காட்டினார். ஆதலின் அந்த ஓர் ஆய்வினால் மட்டும் எல்லாம் முடிவாகிவிடவில்லை. அதன் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளே அதன் கருத்தை உறுதிப்படுத்தின. 1910இல் பிறந்த மொறிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இல் தொடங்கிய பின்னர், அதே இலண்டனில் ஓடிய இரட்டைத்தட்டு வண்டிகளை வாங்கி நம் வீதிகளிலும் ஓட்டியது. அவற்றின் படிகளில் ஏறியிறங்கிய நடத்துனர்களை நம்மில் மூத்தோர் நன்கறிவர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்நடத்துனர்கள் எவரும் தேகப்பயிற்சிக்கென நேரம் ஒதுக்கவில்லை என்பதே. அவர்களுடைய பயிற்சி வேலைக்குள்ளேயே இருந்தது. இடைவிடாது பத்து நிமிடமேனும் செய்தாலே பயிற்சியாகக் கணக்கிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முன்னர் கூறிவந்தது. 2020ஆம் ஆண்டு அது அவ்விதியை நீக்கி, சிறு அசைவுகளும் பயன் தருவனவே என்று அறிவித்தது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அதனுடன் இரு நாளேனும் தசைவலுப் பயிற்சி, 65 வயதைக் கடந்தோருக்கு மூன்று நாளேனும் சமநிலை காக்கும் பயிற்சி என்பன அதன் பரிந்துரைகள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்னும் பேச்சும் பலரை அஞ்சவைக்கின்றது. அவ்வெண் 1965ஆம் ஆண்டளவில் யப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவிக் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்தபோது, நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தோரைக் காட்டிலும் 4,400 அடி நடந்தோரிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது; 7,500 அடிக்கு மேல் மேலதிக நன்மை காணப்படவில்லை.

இவற்றை நாளாந்த வாழ்விற் பொருத்துவது எவ்வாறு? நான் கைக்கொண்ட வழி, பயிற்சி ஒவ்வொன்றையும் ஏற்கெனவே உள்ள வேலையொன்றோடு முடிச்சுப் போடுவதாகும்.

காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துகின்றேன். கெண்டைக்கால் வலுப்பெறுகின்றது. பல் துலக்கும்போது, சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு, முதலில் ஒரு காலிலும் பின்னர் மறு காலிலும் நிற்கின்றேன். இது சமநிலைக்கு. வானொலியிற் செய்தி வாசிக்கும்போது, கைபிடியில்லாத உறுதியான கதிரையொன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டியவாறு எழுந்து எழுந்து அமர்கின்றேன். பத்துமுறை, சிறிது ஓய்வு, மீண்டும் பத்துமுறை. பந்திப் பாயிலிருந்து எழுவதற்கு வேண்டிய தசைகள் இவையே. கையை உயர்த்துவதற்குத் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு போதும்; அவை ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. பேரனை அழைத்துவரச் செல்லும்போது பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி விரைவாக நடக்கின்றேன். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே தக்க வேகம்.

உங்கள் கால்வலுவை நீங்களே அளந்துகொள்ளலாம். அதே கதிரையில் கையூன்றாமல் 30 விநாடிக்குள் எத்தனைமுறை எழுகின்றீர்கள் என்று எண்ணுங்கள். 60க்கும் 64க்கும் இடைப்பட்ட வயதினரில், ஆண்கள் 14இற்கும் பெண்கள் 12இற்கும் குறையலாகாது என்பது வைத்தியர் கொள்ளும் அளவு. 70க்கும் 74க்கும் இடையில் அது முறையே 12உம் 10உம் ஆகும். நான் தொடங்கிய நாளில் ஏழுமுறை எழுந்தேன்.

உணவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கியிருப்பதை அறிவீர்கள். என் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு ஆறு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஆகப் பன்னிரண்டு கரண்டி, ஏறத்தாழ 50 கிராம், 200 கலோரி. என் நிறையுடைய ஒருவர் அரைமணி நேரம் நடந்தாற் செலவாவது 120 முதல் 150 கலோரி வரைதான். நடந்து தேடியதைத் தேநீரிலே தொலைத்துக்கொண்டிருந்தேன்! சீனியைக் கிழமைக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வந்தேன். சோற்றுத் தட்டில் பாதியைக் கீரையும் மரக்கறியும் பிடித்துக்கொள்ள, சோறு காற்பங்காயிற்று. மற்றக் காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றுக்கு உரியது. தசைக்குப் புரதம் வேண்டும். முதியோருக்கு அது நிறையின் கிலோவொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாள்தோறும் தேவை என்பர். சிறுநீரக வருத்தமுள்ளோர் மட்டும் வைத்தியரைக் கேட்டே இவ்வளவைத் தீர்மானித்தல் வேண்டும்.

எவ்வளவு நிறை குறையவேண்டும்? அமெரிக்காவில் சலரோகம் வருந்தறுவாயில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிட உழைப்புமே இலக்காக வைக்கப்பட்டன. அவ்வழி நின்றோரிடையே புதிதாகச் சலரோகம் தோன்றுவது 58 வீதத்தாற் குறைந்தது. 60 வயதைக் கடந்தோரிடையே 71 வீதத்தாற் குறைந்தது. ஆகவே இளமைக்கால உருவத்தை மீட்க வேண்டியதில்லை. தராசைவிட அளவுநாடா நல்ல சாட்சி. தென்னாசிய மக்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களாயின் 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களாயின் 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் நன்று.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நடக்கும்போது நெஞ்சில் நோ, இறுக்கம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுங்கள். இன்சுலின் அல்லது சலரோகக் குளிசை எடுப்போர் உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் சொல்லவேண்டும். இல்லையேல் இரத்தத்திற் சீனி அளவுமீறித் தாழலாம். இரத்த அழுத்தக் குளிசையின் அளவையும் நிறை குறையும்போது மாற்ற வேண்டி வரலாம். முயற்சியின்றியே நிறை குறையுமாயின் அது மகிழத்தக்கதன்று, பரிசோதனைக்கு உரியது.

இறுதியாக, என் நிலையைக் கூறி முடிக்கின்றேன். பதினொரு மாதங்களில் 82 கிலோ 76 ஆயிற்று. மாரிமழைக் காலத்தில் நடை நின்றுபோய் இரண்டு கிலோ மீண்டும் ஏறியதும் உண்டு. அந்நாட்களிலும் செய்தி நேரத்துக் கதிரைப் பயிற்சியை மட்டும் விடவில்லை. இப்பொழுது 30 விநாடியில் பதினைந்துமுறை எழுகின்றேன். சென்ற மாதம் அதே வீட்டில் ஆண்டுத் திவசம் நடந்தது. பந்திப் பாயில் அமர்ந்தேன்; உண்டேன்; இடது கையைச் சற்றே ஊன்றி, ஒருவர் துணையுமின்றி எழுந்து சென்று கைகழுவினேன். என்னைத் தூக்கிவிட்ட அந்த இளைஞன் அன்றும் அங்கே பரிமாறிக்கொண்டு நின்றான். அவன் இதனைக் கவனித்தானோ என்னவோ, நான் கவனித்தேன்.

நேயர்களே, இப்பேச்சு முடிந்ததும் செய்தி வரும். அதுவரை அமர்ந்திருக்கும் கதிரையிலிருந்து கையூன்றாமல் ஒருமுறை எழுந்து பாருங்கள்.