புகைபிடித்தலைக் கைவிட்டபின் அன்றாட வழக்க மாற்றங்கள்

புகைபிடித்தலைக் கைவிட்டபின் அன்றாட வழக்க மாற்றங்கள் என்பது, சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றை விட்ட ஒருவர் மீண்டும் அப்பழக்கத்திற்குத் திரும்பாமலிருக்கத் தம் நாளின் ஒழுங்கில் செய்துகொள்ளும் மாற்றங்களைக் குறிக்கும். புகையை மட்டும் விட்டுவிட்டு, அதனோடு பிணைந்த நேரங்களையும் இடங்களையும் அப்படியே வைத்துக்கொள்பவர்களுக்கு விடுபடுதல் கடினமாகிறது.

காரணம்

புகையிலுள்ள நிக்கோட்டின் சுமார் 10 வினாடிகளில் மூளையை அடைகிறது. அது குறையும்போது எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல், மிகுபசி, உறக்கக்குறைவு ஆகியவை தோன்றுகின்றன. இவை முதல் 2 அல்லது 3 நாட்களில் உச்சத்தை எட்டி, பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணிகின்றன.

பழக்கத்தின் பிடி இதைவிட நீண்டது. ஒரு சிகரெட்டுக்கு 10 இழுப்பு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 10 சிகரெட் பிடிப்பவர் ஆண்டில் 36,500 முறை கையை வாய்க்குக் கொண்டுசெல்கிறார். மணியோசை கேட்டதும் உமிழ்நீர் சுரந்த பாவ்லோவின் நாய்களைப் போல, தேநீர்க் குவளை, உணவு முடிந்த நேரம், பேருந்து நிறுத்தம் ஆகியவை புகைக்கும் விருப்பத்தைத் தூண்டுகின்றன. உடலில் நிக்கோட்டின் முற்றிலும் நீங்கிய பின்னரும் இத்தூண்டல் தொடரலாம்.

காலைப் பொழுது

இரவு முழுவதும் நிக்கோட்டின் இல்லாததால் எழுந்தவுடன் விருப்பம் மிகுந்திருக்கும். காலைப் பணிகளின் வரிசையை மாற்றுவது உதவும். எழுந்தவுடன் பல் துலக்கிக் குளித்துவிடலாம். சிறிது தூரம் நடந்துவரலாம்.

பீடி பற்றவைத்தால்தான் காலைக்கடன் கழியும் என்று சொல்பவர்கள் உண்டு. நிக்கோட்டின் குடலசைவைத் தூண்டுவதால் இந்த அனுபவம் ஏற்படுகிறது. விட்டபின் சில வாரங்கள் மலச்சிக்கல் இருக்கக்கூடும். போதிய தண்ணீர், கீரை, பழங்கள், நடைப்பயிற்சி ஆகியவற்றால் இது சரியாகும்.

காப்பியும் தேநீரும்

புகையிலுள்ள சில கரிமச் சேர்மங்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை விரைவுபடுத்துகின்றன. புகை நின்றதும் நொதியின் வேகம் குறைவதால், முன்பு குடித்த அதே அளவு காப்பி உடலில் ஏறத்தாழ இருமடங்கு காஃபீனைத் தங்கச் செய்யலாம். இதனால் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் பலர் புகையை விட்டதன் விளைவு என்றே எண்ணி, மீண்டும் புகைக்கத் தொடங்குகின்றனர். காப்பி, தேநீர் அளவைப் பாதியாகக் குறைப்பதும் மாலைக்குப் பின் தவிர்ப்பதும் நன்று. கடைக்குப் போய்த் தேநீர் குடிப்பவர் சில வாரங்களுக்கு வீட்டிலேயே குடிக்கலாம்.

உணவு

நாச்சுவையும் மணமறியும் திறனும் மீள்வதாலும் பசி கூடுவதாலும் முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடுகிறது. புகைபிடிப்பதால் வரும் கேட்டோடு ஒப்பிட இது சிறியதே. சாப்பிட்டதும் இலையையோ தட்டையோ விட்டு உடனே எழுந்து, வாய் கொப்பளித்து, சோம்பு அல்லது ஏலக்காய் மெல்லலாம். நொறுக்குத் தீனிக்குப் பதில் சுண்டல், வெள்ளரி, கொய்யா ஏற்றவை. வாய்க்கு ஏதேனும் வேண்டும் என்று புகையிலை சேர்ந்த வெற்றிலை, குட்கா ஆகியவற்றுக்கு மாறுவது நிக்கோட்டினுக்கே திரும்புவதாகும்; வாய்ப்புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

பணியிடம்

ஓய்வு வேண்டியே வெளியே சென்று புகைப்பவர் பலர். புகையை விடும்போது ஓய்வையும் விட்டுவிடக் கூடாது. அதே நேரத்தில் புகைக்காதவர்களுடன் பேசலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம். விருப்பம் எழும்போது அது பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். தள்ளிப்போடுதல், ஆழ்ந்து மூச்சுவிடுதல், தண்ணீர் குடித்தல், வேறு வேலையில் ஈடுபடுதல் ஆகிய நான்கும் அந்நிமிடங்களைக் கடக்க உதவும்.

மருந்து உட்கொள்வோர்

மேற்கூறிய நொதியே தியோபிலின், குளோசப்பின் போன்ற மருந்துகளையும் சிதைக்கிறது. புகையை நிறுத்தியதும் இவற்றின் அளவு இரத்தத்தில் உயரலாம். எனவே இவற்றை உட்கொள்பவர் நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மறுசறுக்கல்

திருமண வீடு, துக்க வீடு, மது அருந்தும் இடம் ஆகியவற்றில் "ஒன்றே ஒன்று" என்று தொடங்குவது பலரைப் பழைய நிலைக்குக் கொண்டுசெல்கிறது. எனினும் ஒருமுறை சறுக்குவது முழுத் தோல்வியன்று. எந்த நேரம், எந்த இடம், யாருடன் என்பதைக் குறித்துவைத்தால், அடுத்து மாற்றவேண்டிய வழக்கம் எது என்பது தெரிந்துவிடும். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிகளுக்குப் பின்னரே முழுமையாக விடுகின்றனர்.

உதவி

இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை பெறலாம். நிக்கோட்டின் மெல்கோந்து, ஒட்டுப்பட்டை ஆகியவற்றை மருத்துவரின் அறிவுரைப்படி பயன்படுத்தலாம். விட்ட ஓராண்டில் இதயத்தமனி நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.