கன்றுக்குக் கழிச்சலா? சீம்பால் குடித்ததா என்று பாருங்கள்!

காஞ்சிபுரத்தின் தறிச் சத்தத்தைத் தாண்டி வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் போனால், பல வீடுகளில் கைச்செலவுக்குக் கறவை மாடுதான். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத கன்று கழிய ஆரம்பித்தால் வீடே பதறும். பதற வேண்டியதுதான். தண்ணீரோடு சோடியமும் பைகார்பனேட்டும் வெளியேற, ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது, பொட்டாசியம் ஏறுகிறது. கன்று துவண்டு விழுவதும், இதயம் தடுமாறுவதும் இதனால்தான்.

கல்லீரல் பரிசோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. ஜி.ஜி.டி. என்ற நொதி பெரிய மாட்டுக்கு எகிறினால் கல்லீரல் கோளாறோ என்று சந்தேகிப்பார்கள். பிறந்த சில நாள் கன்றுக்கு எகிறியிருந்தால் நல்ல சேதி! சீம்பாலில் அந்த நொதி ஏராளம். அது வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். குறைவாக இருந்தால்தான் கவலை.

நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் கொடுங்கள். கண் குழிந்து, மடியைச் சப்ப மறுத்தால் உடனே 1962-க்கு போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.