புதுப் பதிவின் இலக்கம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரையைத் தாக்கியபோது மாண்டோர் 30,000 பேருக்கு மேற்பட்டனர். திருகோணமலை மாவட்டத்திற் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையூர்கள் பெருஞ் சேதமுற்றன. உயிர் தப்பியோருக்கு உணவும் உறையுளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாததாயிற்று ஒரு பட்டியல்: யார் உளர், யாரைக் காணவில்லை, எக்குழந்தை எவருக்கு உரியது என்பன அதில் இருத்தல் வேண்டும். இத்தேவையை உணர்ந்த இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாய்க் கூடி மென்பொருளொன்றை ஆக்கினர். துயர் தணிப்பு எனப் பொருள்படும் 'சஹன' என்னுஞ் சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாய் வெளியிடப்பட்ட அம்மென்பொருள் பின்னர்ப் பைதன் மொழியிற் புதுக்கப்பெற்று, 'சஹன ஈடன்' என்னும் பெயரோடு 2010இல் ஹெய்ட்டி நாட்டின் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது.

இத்தகைய மென்பொருளை ஆக்குவோர் எதிர்ப்படும் வினா ஒன்று உண்டு. பார்வைக்கு அது மிகச் சிறிது: இப்பொழுது எழுதிய பதிவுக்கு எவ்விலக்கம் கிடைத்தது?

கல்லூரியின் சேர்விடாப்பை நினைத்தால் இது விளங்கும். மாணவன் பெயரை இடாப்பில் எழுதும்போதே அவனுக்குச் சேர்விலக்கம் அமைகின்றது. அதற்குமுன் அவனுக்கு அஃது இல்லை. பின்னர்ப் பரீட்சைப் புள்ளியாயினும் விடுகைப் பத்திரமாயினும் அவ்விலக்கத்தையே பற்றி நிற்கும். கணினியின் தரவுத்தளமும் அவ்வாறே. அட்டவணையிற் புதிய நிரை ஒன்று சேருந்தோறும் அடுத்த இலக்கத்தைத் தானே இட்டுவிடுகின்றது.

கிண்ணியா முகாமில் ஒரு தாயும் அவள் மகவும் பதியப்படுகின்றனர் என்று கொள்க. மகவின் நிரையில் 'தாயின் இலக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆகவே, முதலில் தாயைப் பதிந்து, அவளுக்குக் கிடைத்த இலக்கத்தை அறிந்து, அதனைக் கொண்டே மகவைப் பதிதல் வேண்டும். புதியோர் பலர் இதற்குக் கைக்கொள்ளும் வழி, அட்டவணையில் உள்ளவற்றுள் மிகப்பெரிய இலக்கம் யாதென வினவுதல். ஒருவர் தனியே இருந்து சோதிக்கும்போது விடை எப்பொழுதும் சரியாகவே வரும். கேடும் அதிலேயே உள்ளது. கிண்ணியாவில் தாய்க்கு 417 கிடைக்கின்றது. வினவுமுன், அதே தரவுத்தளத்தில் மூதூரிலிருந்து முதிய மீனவர் ஒருவர் 418 ஆகப் பதியப்படுகின்றார். கிண்ணியாவுக்குக் கிடைக்கும் விடை 418. மகவு மீனவருக்கு உரியதாகிவிடுகின்றது. கணினி எவ்வெச்சரிக்கையும் தராது. எல்லா நிரைகளும் செவ்வனே எழுதப்பட்டனவாகவே தோன்றும். பெயரைக் கொண்டு தேடுவதும் இதற்கு மாற்றாகாது; ஓரூரில் ஒரு பெயருடையார் பலர்.

இலக்கத்தை இட்டது எதுவோ அதனையே, இட்ட அப்பொழுதே கேட்பதுதான் முறை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம், ஓர் இணைப்பின் வழியாக இறுதியில் இட்ட தானியங்கு இலக்கத்தை அவ்விணைப்புக்கு மட்டும் உரியதாக நினைவில் வைத்துக் கூறவல்லது. மூதூரின் பதிவு கிண்ணியாவின் விடையைக் குழப்பாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், 2006இல் வெளிவந்த 8.2 ஆம் பதிப்பு முதலாக, எழுதும் கட்டளைக்கு விடையாகவே இலக்கத்தைத் திருப்பித் தருகின்றது.

இவ்வேறுபாடுகளை நிரலாளர் மனத்திற் கொள்ளாதிருக்கத் துணைசெய்வது ஓஆர்எம் எனப்படும் இடைநிலைக் கருவி. நிரல் பொருள்களாகச் சிந்திக்கும்; தரவுத்தளம் நிரைகளாகச் சேமிக்கும். பண்டைத் துறைமுகங்களிற் கப்பலோருக்கும் வணிகருக்கும் நடுநின்ற துபாசியைப் போல இஃது இரண்டுக்கும் நடுநிற்கும். தாய் என்னும் பொருளைச் சேமிக்குமாறு கூறின், கருவி நிரையை எழுதுவித்து, கிடைத்த இலக்கத்தை அப்பொருளின் மீதே பொறித்துவிடும். ஜாங்கோவிலும் ஹைபர்னேட்டிலும் இதுவே வழக்கு. மறுபடி வினவவேண்டியதில்லை, கையிலுள்ள பொருளைப் பார்த்தால் போதும். சஹன ஈடன் சார்ந்த வெப்2பை சட்டகத்தில் எழுதும் செயலே இலக்கத்தை விடையாகத் தருகின்றது. அதனை முழு ஓஆர்எம் என்று கூறுதல் பொருந்தாதெனினும், பயன் ஒன்றே.

ஆயினும் துபாசி எப்பொழுது வாய் திறக்கிறான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். எஸ்கியூஎல்ஆல்கெமி என்னுங் கருவியில், பொருளைச் சேர்த்த அளவில் நிரை எழுதப்படுவதில்லை; தேங்கியவை தரவுத்தளத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரே இலக்கம் தோன்றும். அதற்குமுன் பார்ப்பவருக்கு வெறுமையே கிட்டும். ஜாங்கோவில் நூறு நிரைகளை ஒரே வீச்சில் மைஎஸ்கியூஎல்லுக்கு எழுதினால் அவற்றின் இலக்கங்கள் பொருள்களில் வந்து சேர்வதில்லை.

இன்னுமொன்று: இலக்கம் கிடைத்துவிட்டது என்பதனாற் பதிவு நிலைத்துவிட்டது என்று கொள்ளலாகாது. முழுச் செயலும் உறுதி செய்யப்படுமுன் மின்சாரம் அற்றுப்போயின் நிரை மறையும். 417 எனத் தாயின் கையிற் சீட்டு மட்டும் எஞ்சும். ஆகவே சீட்டை அச்சிடுதல் உறுதிக்குப் பின்னரே நிகழவேண்டும். மறைந்த இலக்கம் பொதுவாக மீண்டும் எவருக்கும் இடப்படுவதில்லை. அதனால் 416க்குப் பின் 418 வருதல் குற்றமன்று. அவ்விடைவெளியை நிரப்ப முற்படுவோரே குற்றம் விளைவிக்கின்றனர்.

இவையெல்லாம் தரவுத்தளம் ஒன்றாய் இருக்கும்போது பொருந்தும். தொடர்பு அறுந்து, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்கள் தனித்தனிக் கணினியிற் பதிய நேர்ந்தால், கிண்ணியாவிலும் ஒரு 417, மூதூரிலும் ஒரு 417 உண்டாகும். ஒன்றுசேர்க்கும் நாளில் இருவரும் ஒருவராவர். இதனாலேயே சஹன ஈடனில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளூர் இலக்கத்தோடு, உலகெங்கும் தனித்ததெனக் கொள்ளத்தக்க 128 பிற்று அடையாளம் ஒன்றும் சேர்க்கப்படுகின்றது. யூயூஐடி எனப்படும் அதனைத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பெறவேண்டியதில்லை, எழுதுமுன்னரே ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அது 36 குறிகள் நீண்டது. தொலைபேசியிற் சொல்லவோ சீட்டில் எழுதிக் கொடுக்கவோ ஏற்றதன்று. எனவே முகாம்களுக்கிடையே நீண்ட அடையாளமும், முகாமுக்குள்ளே தரவுத்தளம் இட்ட சிறிய இலக்கமும் ஒருங்கே வழங்குகின்றன.